கிணற்றுப் பங்கும் தங்கையின் கையெழுத்தும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பலர் பெயரில் இருக்கும் கூட்டுப் பட்டாவை அவரவர் பெயரில் தனிப் பட்டாவாக மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கேள்வி-பதிலைப் படித்தேன். மனு எங்கே கொடுப்பது, என்னென்ன இணைப்பது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் தாலுகா ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குள் பேசி எழுத வேண்டிய இரண்டு விஷயங்கள், மகள் பங்கும் கிணற்றுப் பங்கும், விட்டுப்போயிருந்தன. இரண்டிலும் அடிபட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது நாலு ஏக்கர் தோட்டம். 1998இல் உயில் எழுதாமலே காலமானார். அண்ணனும் நானும் ஊர்ப் பெரியவர்களை வைத்து, வரப்புப் போட்டு, ஆளுக்கு இரண்டு ஏக்கர் எடுத்துக்கொண்டோம். பத்திரம் கிடையாது, யாருக்கு எது என்று எழுதிக்கொண்ட, பதிவு செய்யாத ஒரு கூர்சீட்டு மட்டும்தான். கட்டிக்கொடுத்த தங்கைக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இதில் அவளுக்கு என்ன என்றுதான் நினைத்தோம். அம்மாவையும் கேட்கவில்லை.

கால் நூற்றாண்டு கழித்து என் பெயருக்குப் பட்டா மாற்றப் போனபோது வாரிசுச் சான்று கேட்டார்கள். அதில் அம்மா, அண்ணன், நான், தங்கை என்று நாலு பெயர். மகள் பங்கு என்றாலே 1989 சட்டம், 2005 சட்டம் என்று பேசுகிறோம். அவை பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு தந்த சட்டங்கள். அப்பா தானே வாங்கிய நிலத்தில், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஆக, என் தங்கையின் ஒரு ஏக்கரை இத்தனை வருஷமாக நாங்கள்தான் உழுதுகொண்டிருந்தோம்.

தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். “கையெழுத்துப் போடறேனுங்கண்ணா. ஆனா இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?” என்றாள். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

பூர்வீகச் சொத்து வைத்திருப்பவர்களும் கூர்சீட்டை நம்பி இருந்துவிட வேண்டாம். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில், மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு, 2005 சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பாணை (டிகிரி) மூலமோ நடந்த பாகப்பிரிவினை செல்லும். வாயால் பிரித்தோம் என்றால், அதற்குப் பொது ஆவணங்களின் ஆதாரம் வேண்டும்.

அடுத்தது கிணறு. அது அண்ணன் பாகத்தில் விழுந்தது. இலவச மின் இணைப்பு ஒன்றே ஒன்று, அதுவும் அப்பா பெயரில். ஒருநாள் விட்டு ஒருநாள் முறைத் தண்ணீர் என்று பேச்சு. அண்ணன் பார்த்தவரை பிரச்சினை இல்லை. அவர் மகன் பண்ணையம் பார்க்க ஆரம்பித்ததும், “உங்க பங்கு எதுல எழுதியிருக்குதுங்க சித்தப்பா?” என்றான். மஞ்சள் வாடிக்கொண்டிருந்த நேரம் அது. அவனைக் குறை சொல்ல முடியாது, எதிலும் எழுதவில்லைதான்.

கடைசியில் நாலு பேரும் உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். கிணறு, மோட்டார், மின் இணைப்பு மூன்றிலும் அவரவர் பங்கு, முறை நாள், குழாய் யார் நிலத்தின் வழியே போகிறது என்பது வரை எழுதினோம். பழைய பத்திரங்களில் ‘மாமூல் வண்டித்தடத்தில் போக வரப் பாத்தியதை’, அதாவது உரிமை, என்று மட்டும் இருக்கும். நாங்கள் தடத்தின் அகலத்தையும் அடிக்கணக்கில் போட்டோம். மாட்டு வண்டி போன தடத்தில் அறுவடை மிஷின் போகாது. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்று: குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்குக் கிரயப் பத்திரம் அளவுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, உச்சவரம்பும் உண்டு.

தங்கை தன் ஏக்கரை எனக்கே குத்தகைக்கு விட்டிருக்கிறாள்.

கிணற்றுப் பங்கு, தடம், குழாய் இவற்றைப் பத்திரத்தில் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி வாசகத்தை, நல்ல வக்கீல் ஒருவரிடம் கேட்டு அடுத்த இதழில் வெளியிடுங்கள். வெட்டி வைத்துக்கொள்ள எங்கள் ஊரிலேயே பத்துக் குடும்பம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.