'யூஸ்டு டு': வழக்கமா, விட்டுப்போன வழக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் 'யூஸ்டு டு' என்று வரும் தொடரை நம்மவர்கள் அன்றாடம் கையாளும் விதம் குறித்து, உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியே தெரிவிக்க விரும்புகிறேன்.

'ஐ யூஸ்டு டு கோ டு த டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே' என்று ஒருவர் சொன்னால், அவர் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகிறவர் என்றே நம்மூரில் பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் காதிலோ, அவர் முன்பு போய்க்கொண்டிருந்தார், இப்போது போவதில்லை என்றுதான் அது விழும். வேலைக்கான நேர்காணலில் பொழுதுபோக்கு என்னவென்று கேட்கும்போது 'ஐ யூஸ்டு டு ரீட் புக்ஸ்' என்று சொல்லும் இளைஞர், தான் புத்தகம் படிப்பதை விட்டுவிட்டதாக வாக்குமூலம் கொடுக்கிறோம் என்பதை அறிவதில்லை. 'ஏன் விட்டீர்கள்?' என்று எதிர்க்கேள்வி வந்தால் பேந்தப் பேந்த விழிக்க வேண்டியதுதான்.

இதற்கு மாணவரின் அக்கறையின்மையைக் காரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'தாத்தா சுருட்டுப் பிடிப்பார்' என்றால் தாத்தா இன்றும் பிடிக்கிறாரா, அந்தக் காலத்தில் பிடித்தாரா என்பதைப் பேச்சின் சூழல்தான் சொல்லும். வினைமுற்று இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. முக்காலத்துக்கும் பொருந்தும் செயலைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டால் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பியம். 'மலை நிற்கும்' என்பது உரையில் வரும் எடுத்துக்காட்டு. இந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளைக்கு வகுப்பில் 'ஐ ட்ரிங்க்' என்றால் 'குடிக்கிறேன்', 'ஐ வில் ட்ரிங்க்' என்றால் 'குடிப்பேன்' என்று வாய்பாடு போலச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். தினமும் காபி குடிப்பதைச் சொல்ல அவனுக்கு எஞ்சி நிற்பது எது? 'யூஸ்டு டு' என்றால் 'வழக்கம்' என்று நாமே எழுதிப்போட்டதைத்தான் எடுத்துக்கொள்கிறான். உண்மையில் அங்கே வர வேண்டியது அந்த எளிய 'ஐ ட்ரிங்க்' மட்டுமே.

ஆங்கிலத்திலும் இத்தொடர் ஒரு காலத்தில் நிகழ்கால வழக்கத்தைக் குறித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் 119ஆம் சங்கீதத்தில், இறைவன் தம் அன்பர்களுக்கு வழக்கமாகச் செய்வதை 'யூசெஸ்ட் டு டூ' என்று நிகழ்காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பின்னர் அந்த நிகழ்கால வடிவம் வழக்கொழிந்து, இறந்தகாலம் மட்டும் தங்கிவிட்டது. எனவே நம் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு நகைப்பவர்கள் சற்று நிதானிக்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்கூட இத்தொடர் நிகழ்கால வழக்கத்துக்கு வருவதுண்டு. நமக்குள் பேசிக்கொள்ளும்வரை அதனால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

வெளியாரோடு பேசும்போதுதான் சிக்கல். அண்மையில் ஒரு மருத்துவமனையில் உறவினருக்குத் துணையாக இருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவரைப் பற்றித் தமிழ் தெரியாத இளம் மருத்துவர் விசாரித்தார். 'ஹி யூஸ்டு டு டேக் டேப்லெட் ஃபார் பிரஷர்' என்றார் மகன். எப்போது நிறுத்தினார், யார் சொல்லி நிறுத்தினார் என்று மருத்துவர் மேலும் மேலும் கேட்க, மகனுக்குக் கேள்வியே புரியவில்லை. கடைசியில் முதியவரின் மனைவி மஞ்சள் பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டி, காலையில்கூடப் போட்டார் என்று கையாலேயே காட்டிய பிறகுதான் மருத்துவர் குறிப்பேட்டில் எழுதியதை அடித்துத் திருத்தினார். அந்த அம்மையார் அங்கே இல்லாதிருந்தால், பிரஷர் மாத்திரையை நிறுத்தியவர் என்ற குறிப்பே நிலைத்திருக்கும்.

'ஐ ஆம் யூஸ்டு டு' என்று தொடங்கி, பழகிப்போனதைச் சொல்லும் இன்னொரு தொடரும் உண்டு. அது வேறு, ஆனால் இரண்டையும் ஒரே பாடவேளையில் நடத்திப் பிள்ளைகளைக் குழப்புகிறோம். முன்னதான 'ஐ யூஸ்டு டு'வை நன்றாகப் பேசிப் பழகிய பின் அடுத்ததைத் தொடலாம். முன்னதற்கு 'வழக்கம்' என்று பொருள் எழுதுவதை விட்டு, 'முன்பெல்லாம்' என்ற சொல்லைச் சேர்த்தே கற்பித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தேர்வுகளிலும் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வதோடு நின்றுவிடாமல், 'மை அங்கிள் யூஸ்டு டு லிவ் இன் மதுரை' என்று கொடுத்து, அந்த மாமா இப்போது மதுரையில் இருக்கிறாரா என்று கேட்கலாம். மாணவர்களுக்கெனத் தாங்கள் ஒதுக்கும் பக்கத்தில் இத்தகைய வினாக்களை அவ்வப்போது வெளியிட்டால் ஆசிரியர்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.