கயலுக்கு: கெட்ட வார்த்தைப் பட்டியல் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது.

நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் விளையாட்டுச் செயலியில் ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் தமிழ்க் கெட்ட வார்த்தை வந்தால் தானாகவே நட்சத்திரக் குறியாக மாற வேண்டும், அதற்கு ஒரு பட்டியல் வேண்டும், "இத்தனை வருஷம் தமிழ் நடத்தின உனக்குத் தெரியாததா" என்றாய். தெரியும்தான். எழுதவும் உட்கார்ந்தேன். எழுத எழுத, இந்த வேலையை இந்த வழியில் செய்யக் கூடாது என்ற எண்ணம் உறுதியாகிவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன். உன் மேனேஜரிடம் பேசும்போது உனக்குப் பயன்படும்.

முதலில் எழுத்துச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். நம் திருவெள்ளறைப் பெருமாளின் பெயர் புண்டரீகாட்சன். அதன் முதல் மூன்று எழுத்தை மட்டும் பார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்குப் பழைய பெயர் கூதிர். குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுதுகளில், அதாவது பருவங்களில், ஒன்று. அதுவும் மாட்டும். மயிர் என்று பட்டியலில் போட்டால் மானம் அதிகாரத்தில் இரண்டு குறள் போய்விடும். 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று பேப்பரில் வருகிற செய்தியும் போய்விடும். இங்கிலாந்தில் ஸ்கந்தார்ப் என்று ஒரு ஊர். 1996இல் அந்த ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் திறக்கப் போனால் பதிவாகவில்லையாம். ஊர்ப் பெயருக்குள்ளே ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்று உட்கார்ந்திருந்ததுதான் காரணம். முழுச் சொல்லாக இருந்தால்தான் அழிப்போம் என்பாய். தமிழில் உருபும் விகுதியும் 'டா'வும் 'டி'யும் ஒட்டிக்கொண்டு ஒரே வசவு எத்தனையோ வடிவத்தில் வரும். பையன்கள் அதை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள், நடுவில் புள்ளி வைப்பார்கள். பட்டியலை நீட்டினால் நல்ல சொற்கள் மாட்டும், சுருக்கினால் திட்டுகிறவன் தப்பிப்பான்.

இதையெல்லாம் உங்கள் படிப்பால் ஓரளவு சரிசெய்துவிடுவீர்கள். என்னைப் போட்டு அரிப்பது வேறொன்று.

எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 'ஒன்பது + பத்து = தொண்ணூறு' என்று எழுதித் திரும்பினேன். பின் வரிசையில் ஒருவன் "ஒன்பது..." என்று மெல்ல இழுத்தான். வகுப்பே ஒரு பக்கமாகத் திரும்பியது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். நடையும் கையசைப்பும் கொஞ்சம் மென்மையாக இருக்கும், கோலம் அழகாகப் போடுவான். அவன் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் தெரிந்த காதுகள் சிவந்து கிடந்தன. பாடத்தை நிறுத்தி வகுப்பைக் கண்டித்தேன், அந்தப் பையன்களின் வீட்டாரையும் வரவழைத்துப் பேசினேன். என் வகுப்பில் அடங்கியது. பஸ் ஸ்டாண்டில் அடங்கவில்லை, மைதானத்தில் அடங்கவில்லை. கணக்கு வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது அந்த எண் வந்தால் கனைப்புச் சத்தம் கேட்கும் என்று கணக்கு டீச்சர் சொன்னார். அரையாண்டு லீவு முடிந்து அவன் பள்ளிக்கு வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம் என்று அவன் அம்மா சொன்னார்.

அந்தப் பிள்ளையைப் படிப்பை விட்டே துரத்திய சொல் வாய்ப்பாட்டில் இருக்கிறது, விலைப்பட்டியலில் இருக்கிறது, உங்கள் விளையாட்டின் புள்ளிக் கணக்கிலும் இருக்கும். அதை எப்படித் தடுப்பாய் கண்ணு?

அதே வகுப்பில் இணைபிரியாத இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் அம்மாவை இன்னொருவன் இழுக்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார்கள். அதே வாயோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, பலமுறை அதட்டியிருக்கிறேன். ஆனால் அதனால் ஒருவன் மனசும் புண்படவில்லை. உங்கள் நட்சத்திரக் குறி விழப்போவது இந்த இரண்டு பேர் மேல்தான். 'ஒன்பது' என்றவன் பேச்சு அப்படியே போய்ச் சேரும்.

பெண்களுக்கு வருவதை நீயே தினமும் பார்க்கிறாய். "உன் ரேட் என்ன?", "நீயெல்லாம் குடும்பப் பொண்ணா?", "வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையா?" இந்த வாக்கியங்களில் ஒரு கெட்ட வார்த்தை காட்டு பார்க்கலாம். சாதி வெறியும் அப்படித்தான். "கோட்டாவுல வந்தவன்தானே", "உங்க ஆளுங்க புத்தி எங்க போகும்" என்று சுத்தமான தமிழில் எழுதுவார்கள். படிக்கிறவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்படியானால் சாதிப் பெயர்களையாவது தடுத்துவிடலாமே என்று உங்கள் கூட்டத்தில் யாரோ சொன்னதாகச் சொன்னாய். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகையின் பெயரே 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பில் போட்டு, நிமிர்ந்து நின்று நடத்தினார். உங்கள் பட்டியல் அந்தப் பெயரை நட்சத்திரமாக்கும். பறை அடிக்கிற பிள்ளை தன் கலையைப் பற்றி நண்பனிடம் நாலு வரி எழுத முடியாது. 'சேரி'யைத் தடுத்தால் வேளச்சேரியிலும் புதுச்சேரியிலும் இருக்கிறவர்கள் தங்கள் ஊரைச் சொல்ல முடியாது. திட்டுகிறவன் வாயை அடைக்கப் போய், திட்டு வாங்கியவரின் பெயரையே அழித்துவிடுவீர்கள்.

சட்டம்கூட இதில் உங்கள் பட்டியலைவிட நிதானமாகப் பார்க்கிறது. 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சொல்லை மட்டும் எடுத்துத் தராசில் வைக்கவில்லை. யார், யாரை, என்ன நோக்கத்தோடு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் எப்படி இழிவுபடுத்தினார் என்று கேட்கிறது. இணையத்தில் எழுதுவதும் பேசுவதும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. இன்னொரு வழக்கும் உனக்கு நினைவிருக்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் சரமாரியாகக் கெட்ட வார்த்தை பேசுகிற ஓர் இணையத் தொடர் பற்றியது. டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி தன் தனி அறையில்கூட அதைச் சத்தமாகப் போட முடியாமல் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்ததாக 2023இல் எழுதினார், வழக்குப் பதியச் சொன்னதும் சரி என்றார். உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் அந்த வழக்கை ரத்து செய்தது. கெட்ட வார்த்தை காதுக்கு அருவருப்பாக இருக்கலாம், அதற்காகவே அது ஆபாசம் ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்காது. தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன்.

நம் இலக்கணத்திலும் இதற்கு வழி இருக்கிறது. 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்கிறது தொல்காப்பியம். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல் என்பது விதி. அடுத்த நூற்பாவிலேயே 'மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்' என்று விலக்கும் வந்துவிடும்: வழக்கில் மருவிப் பழகிப்போனதை மறைக்க வேண்டியதில்லை. உரைகாரர்கள் யானை இலண்டத்தையும் ஆட்டுப் பிழுக்கையையும், அதாவது யானைச் சாணத்தையும் ஆட்டுப் புழுக்கையையும், உதாரணம் காட்டுவார்கள். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள், எனக்கோ அந்த நூற்பா மேல் மரியாதை கூடிக்கொண்டே போகும். யார் முன்னால் பேசுகிறோம் என்பதை வைத்தே அது விதி செய்கிறது. தெரிந்த நாலு பேர் தங்களுக்குள் அணி கட்டி ஆடுகிற அறை ஒரு அவை ஆகாது. முன்பின் தெரியாத நூறு பேர் வந்து போகிற பொது அறை அவைதான். இரண்டுக்கும் ஒரே பட்டியல் வைப்பது எந்த ஊர் நியாயம்?

பட்டியலை யார் போடுகிறார்கள் என்பதும் இருக்கிறது. என்னைப் போல் பள்ளியில் தமிழ் நடத்தியவர்களிடம் கேட்டால், மீன் சந்தையிலும் லாரி ஷெட்டிலும் பேசுகிற பேச்சு முதலில் பட்டியலில் ஏறும். 'சேரி பாஷை' என்று முகம் சுளித்துச் சொல்கிறவர்களின் பேச்சு ஏறாது. உன் அப்பத்தாவை நினைத்துப் பார். வாய்க்கால் மடையைப் பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டபோது தாத்தா மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். நாற்று காய ஆரம்பித்தது. அப்பத்தா ஒருநாள் விடியற்காலையில் அவர்கள் வாசலில் போய் நின்று, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஆரம்பித்தார். ஏழு தலைமுறையையும் விடவில்லை. ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது, ஒருவரும் தடுக்கவில்லை. மறுநாள் மடை திறந்தது. கையில் பணமும் ஆளும் இல்லாத பொம்பளைக்கு அன்றைக்கு இருந்தது வாய் மட்டும்தான். அதே வாயில் மருமகளான நான் வாங்கிய பேச்சும் உண்டு, அதையும் மறந்துவிட்டு எழுதவில்லை. சொல் ஒன்றாகவே இருந்தாலும் யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. அதை உங்கள் பட்டியலுக்குப் பார்க்கத் தெரியாது.

நட்சத்திரக் குறியால் இன்னொரு கெடுதலும் உண்டு. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் விட்டு நடுவில் நட்சத்திரம் வைத்தால் படிக்கிறவர் மனசு அதை நிரப்பிக்கொள்ளும். வலி அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பெண் நாளைக்குப் போலீசில் புகார் கொடுக்கப் போனால் காட்டுவதற்கு என்ன இருக்கும்? செல்போனில் எடுத்து வைத்த படத்தில் வெறும் நட்சத்திரம். எழுதியவன் "நான் வேற ஏதோ எழுதினேன் சார்" என்பான். திட்டியவனுக்கு நீங்களே மறைவு கட்டிக் கொடுத்தது போல் ஆகிவிடும். மறைக்கத்தான் வேண்டும் என்றால் பார்க்கிறவர் கண்ணுக்கு மறையுங்கள், மூலத்தை அழிக்காமல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் ஆடுகிற பகுதியில் பட்டியல் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே பெருமாள் பெயர் மாட்டினாலும் பரவாயில்லை. பெரியவர்கள் பகுதியில், வேண்டுகிறவர் தனக்குத் தானே வடிகட்டி போட்டுக்கொள்ளட்டும், என்னென்ன சொல் என்பதையும் அவரே சேர்க்கட்டும். திட்டு வாங்குகிறவருக்கு ஒரே தட்டில் அந்த ஆளைத் தடுக்க வழி வேண்டும். புகார் கொடுத்தால், அந்த ஒரு வரியோடு நிற்காமல் அதற்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு நடந்தது என்று தமிழ் தெரிந்த ஒருவர் படிக்க வேண்டும். அவர் மதுரைப் பேச்சும் சென்னைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் காதில் விழுந்தவராக இருக்க வேண்டும். ஒருவரையே குறிவைத்துத் திரும்பத் திரும்ப வருகிறவனை, அவன் செந்தமிழில் எழுதினாலும், வெளியே அனுப்புங்கள். இதற்குச் செலவாகும் என்று உன் மேனேஜர் சொல்வார். ஆகும். பட்டியல் மலிவாக இருப்பதால்தான் எல்லாக் கம்பெனியும் பட்டியலோடு நின்றுவிடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

நீ கேட்டதற்காகச் சிறுவர் பகுதிக்கு மட்டும் சொற்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சாதிப் பெயர் எதையும் அதில் சேர்க்கவில்லை. எதையும் சேர்க்கும் முன்னால் என்னிடம் கேள்.

ஒரு கவலை மட்டும் பாக்கி. ஆள் வைத்துப் படிக்கச் சொல்கிறேனே, அப்படிப் படிக்கிற பிள்ளைகளின் மனசு என்ன ஆகும்? அமெரிக்காவில் பேஸ்புக்குக்காக இந்த வேலை பார்த்தவர்கள் மனநலம் கெட்டுப்போய் வழக்குப் போட்டு, 2020இல் அந்தக் கம்பெனி 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இங்கே இந்த வேலைக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பிள்ளைகளைத்தான் குறைந்த சம்பளத்துக்கு எடுப்பார்கள். உங்கள் ஆபீஸில் யார் பார்க்கப் போகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், நடுவில் எழுந்து போக விடுவார்களா, ராத்திரி ஷிப்டில் பெண் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டியிருக்குமா என்று கேட்டு எனக்கு எழுது. உன்னையே பார்க்கச் சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா
மண்ணச்சநல்லூர்