உங்கள் டிக்கெட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டேன், மாமா

சின்ன மாமாவுக்கு,

இன்று மே 14. ஏன் இன்றைக்குப் பார்த்து எழுதுகிறேன் என்று உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குப் போகப் போக விளங்கட்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஜெர்மனியில் எங்கள் எசன் நகரத்து உதைபந்தாட்டக் கழகம் ரொட்-வைஸ் எசனின் அடுத்த பருவத்துக்கான சீசன் டிக்கெட் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒன்று எனக்கு. மற்றது, 2012இல் புது மைதானம் திறந்ததிலிருந்து வருஷாவருஷம் உங்கள் பெயரில் எடுத்து வைத்தது, இனி மகளின் பெயரில். போன கிழமை நீங்கள் லண்டனிலிருந்து கூப்பிட்டு "ஓகஸ்டில வாறன், ரெண்டு பேருமா ஹாஃபன்ஸ்ட்ராசெ மைதானத்துக்குப் போவம்" என்றபோதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொன்னால் நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன், கதை அப்படியே அமுங்கிப் போகும். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்க எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களும் லண்டனுக்குப் போகும்போது விருந்து வைத்து, எல்லோருக்கும் முன்னால் "செத்த கழகம், செத்த ஊர்" என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்.

1994, மே 14, சனிக்கிழமை. அல்டன்எசன் வீட்டு முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் ஒரு வெள்ளைச் சட்டையை அயன் பண்ணுகிறீர்கள். திங்கட்கிழமை காலை ஓர் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டை. பெர்லினில் ஜெர்மன் கிண்ண இறுதியாட்டம், ரொட்-வைஸ் எசனும் வெர்டர் பிரேமனும். பிரேமன் முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டுவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நீங்கள் ஒன்றும் பேசவில்லை, கொலரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தீர்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்துக்கு வரும்போதே எசன் இரண்டாம் லீக்கிலிருந்து இறக்கப்பட்டிருந்தது. ஆடித் தோற்றதால் வந்த இறக்கம் இல்லை அது. கணக்கு வழக்குச் சரியில்லை என்று ஜெர்மன் உதைபந்தாட்டச் சம்மேளனம் பருவத்தின் நடுவிலேயே உரிமத்தைப் பறித்துவிட்டது, அதுவரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் செல்லாது. கிண்ணப் போட்டி மட்டும் தனி என்பதால் அதில் தொடர்ந்து ஆடினார்கள். மார்ச்சில் டெனிஸ் பொருசியா பெர்லினை 2-0 என்று வென்று இறுதிக்கும் வந்துவிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் எப்படி விளங்கப்படுத்துவது? நீங்கள் ஒரே வரியில் சொன்னீர்கள்: "தாளாலதான் இறக்கினவங்கள், காலால இல்லை."

அந்த நேரம் உங்களுடைய தாள் என்ன நிலையில் இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். மாமி வாசிப்பா, உங்கள் பிள்ளைகளும் வாசிப்பார்கள். அந்தச் சட்டை எதற்கு என்பது அந்தக் காலத்தில் ஜெர்மனியில் இருந்த எங்கள் ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் எசனின் ஆபிரிக்க வீரர் பங்குரா கோல் போட்டார். 2-1. நீங்கள் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றீர்கள். பெர்லினில் அவரை மற்றவர்கள் கட்டிப்பிடிப்பதைப் பார்த்து "எங்கட நிறமடா, எங்கட நிறம்!" என்று கத்தினீர்கள். அயன் பெட்டி சட்டையின் மேலேயே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மணத்தைக் கவனிக்கவில்லை, அம்மா குசினியிலிருந்து ஓடி வந்துதான் அதைத் தூக்கினா. நெஞ்சுப் பக்கத்தில், சரியாகப் பொக்கட்டுக்கு மேலே, மண்ணிறத்தில் முக்கோணமாக எரிந்திருந்தது. அம்மா பேசின பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை, ஆட்டம் சமனாகிவிடும் என்று நம்பிக்கொண்டு நின்றீர்கள். கடைசியில் பிரேமனின் ரூஃபர் பெனால்டி அடித்தார், 3-1, முடிந்தது. திங்கட்கிழமை அந்தச் சட்டையையே போட்டு, மேலே அப்பாவின் கோட்டைக் கொளுவிக்கொண்டு, மே மாத வெயிலில் பொத்தானைக் கழற்றாமல் அந்த அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்தீர்கள். வேறு சட்டை இருந்தது மாமா. எனக்குத் தெரியும், அலுமாரியில் நீலச் சட்டை இருந்தது. ஏன் எரிந்ததைப் போட்டீர்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை, கேட்காமலே ஏதோ விளங்கியதாக நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

வடமராட்சியில் வெறுங்காலோடு பந்தடித்த உங்களுக்கு, இந்தக் கழகத்தின் கதை இங்கே பிறந்தவர்களைவிட வடிவாகத் தெரியும். சொல்ஃபெரைன் சுரங்கம் 1986 டிசம்பரில் மூடிய பிறகு உங்களோடு ஒரே குதத்தில் வேலைக்குச் சேர்ந்த அந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளிதான் உங்களுக்கு எல்லாம் சொன்னவர். அவர் உங்களுக்குச் சொன்னார், நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். 1907இல் ஃபோகல்ஹைமில் கெயோர்க் மெல்ஷெஸ் என்ற பொடியனும் கூட்டாளிகளும் தொடங்கிய கழகம். 1953இல் ஜெர்மன் கிண்ணம். 1954இல் பேர்னில் ஹங்கேரிக்கு எதிராக ஆறு நிமிடம் இருக்கும்போது உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்த ஹெல்முட் ரான் எங்கள் ஆள், இதே ஊரில் பிறந்தவர். 1955 ஜூன் 26 அன்று ஹனோவரில் ஃபிரிட்ஸ் வால்டரின் கைசர்ஸ்லவுட்டர்னை 4-3 என்று வென்று ஜெர்மன் சாம்பியன், அதில் மூன்று கோல் எங்கள் இஸ்லாக்கர் போட்டது. அதே வருஷம் முதலாவது ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் எடின்பரோவின் ஹிபர்னியனிடம் சொந்த மண்ணில் 0-4 என்று தோற்றதை மட்டும் நீங்கள் சத்தத்தைக் குறைத்துத்தான் சொல்வீர்கள், பக்கத்தில் யாரோ ஸ்கொட்லாந்துக்காரன் கேட்டுக்கொண்டிருப்பதைப் போல. அந்தக் குரலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா.

அப்படிச் சொல்லித் தந்துவிட்டு எப்படி மாமா போனீர்கள்?

2008இல் கடைசி நாளில், ஏற்கனவே இறங்கிவிட்ட லூபெக்கிடம் சொந்த மைதானத்தில் 0-1 என்று தோற்று, புதிதாகத் தொடங்கவிருந்த மூன்றாம் லீக்கை ஒரு கோலில் தவறவிட்டபோதும் நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். வீடு வரைக்கும் நடந்தே வந்தோம், ஒரு சொல் கதைக்கவில்லை. 2010 ஜூனில் கழகம் வங்குரோத்து. நான்காம் லீக்குக்கும் உரிமம் இல்லை, ஐந்தாம் லீக். அதாவது திரும்பவும் தாளால் இறக்கினார்கள். அதே கோடையில் நீங்கள் வீட்டைக் காலி செய்தீர்கள். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பு, மாமியின் தங்கச்சி அங்கே இருந்தது, குதத்தில் ஆட்களைக் குறைத்தது, எல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் போயிருப்பேன். போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. செத்த கழகம் என்று ஏன் சொன்னீர்கள்? உங்களை ஒரு தாளை வைத்து யாராவது முடிந்த ஆள் என்று சொல்லியிருந்தால் அம்மா அவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பா.

அது சாகவில்லை. ஐந்தாம் லீக்கிலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். 1956இல் மேற்கு ஜெர்மனி முழுக்கப் பேசின அந்த ஒளிவிளக்குகள் எரிந்த பழைய மைதானம், ஒரு பக்கம் 1994இலேயே இடிக்கப்பட்டு மூன்று பக்கத்தோடு நின்றது, அதற்குள்ளே நாங்கள் நின்று பாடினோம். பயிற்சியாளர் வால்டமார் வ்ரோபலின் பொடியள் ஒரே வருஷத்தில் நான்காம் லீக்குக்கு ஏறினார்கள். பிறகு அங்கேயே வருஷக்கணக்கில் கிடந்தோம். 2021 பெப்ரவரியில் கிண்ணப் போட்டியில் முதல் லீக் கழகமான லேவர்குசனை வென்றபோது வெறும் மைதானம், கொரோனா, யாரையும் உள்ளே விடவில்லை.

2022 பெப்ரவரியில், மூன்றாம் லீக்குக்கு ஏற எங்களோடு போட்டியிட்ட மூன்ஸ்டருடனான ஆட்டத்தில் எங்கள் பக்கத்திலிருந்து யாரோ வெடியெறிந்து அவர்களுடைய வீரர்களுக்குக் காயம் பட்டது. ஆட்டம் நிறுத்தப்பட்டது, வெற்றி மூன்ஸ்டருக்கு. கொடுத்தது சரிதான், ஆளுக்கு ஆள் அப்படிச் செய்யக் கூடாது. அன்று இரவு நீங்கள் அனுப்பிய செய்தி "பாத்தியா உன்ர கழகத்தை". உன்ர. அதுவரை எங்கட என்றுதான் இருந்தது. அந்தச் செய்தியை இன்னும் அழிக்கவில்லை.

அப்புறம் மே 14, 2022. அதே திகதி, அதே சனிக்கிழமை. மூன்ஸ்டரும் நாங்களும் சம புள்ளி, கோல் வித்தியாசம்தான் தீர்மானிக்கும், ஆலனை 2-0 என்று வென்று 14 வருஷத்துக்குப் பிறகு மூன்றாவது அடுக்குக்கு ஏறினோம். சனம் முழுக்க புல்தரைக்குள் இறங்கிவிட்டது, நானும் இறங்கி அங்கே நின்று உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று பிறகு சொன்னீர்கள், அது உங்கள் வீட்டு விஷயம், இங்கே வேண்டாம். நியாயமான காரணம். அந்த நேரம் நான் உங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் மாமா, அந்தப் புல்லில் காதில் ஃபோனை வைத்துக்கொண்டு நின்ற நிமிடத்தை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அதற்குப் பிறகும் உங்கள் டிக்கெட்டைப் புதுப்பித்தேன். என்றாவது ஒரு சனிக்கிழமை சொல்லாமல் வந்து நிற்பீர்கள் என்றுதான். வீட்டில் கேட்டபோது கூட்டாளிக்கு என்று சொன்னேன். போன பருவத்தில் சில ஆட்டங்களுக்கு மகளைக் கூட்டிப்போனேன், தமிழ்ப் பள்ளி முடிந்த கையோடு, புத்தகப் பையும் முதுகில். அவளுக்கு கோல்கீப்பரைத்தான் பிடிக்கும். தோற்றால் அழுவதில்லை, கோபப்படுகிறாள், வீடு வரும்வரை யார் எங்கே பிழைவிட்டது என்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். பக்கத்தில் நிற்கும் கிழவர்களுக்கு அவளுடைய பெயர் தெரியும். அந்த இடத்தை இதற்கு மேலும் வெறுமையாக வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

ஓகஸ்டில் வாருங்கள். உங்கள் டிக்கெட்டை நீங்களே எடுங்கள், மேற்குப் பக்கம், நிற்கிற இடம், சீக்கிரம் முடிந்துவிடும், கடைசி நாள்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1955ஐ மகளுக்கு 3-3 வரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன். இஸ்லாக்கரின் கடைசிக் கோலை எப்படிச் சொல்வது என்று எனக்கு வரவில்லை, ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று நீங்கள் எழும்பி நின்று சொல்வீர்களே, அது வேண்டும்.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அதற்காக வராமல் விட்டுவிடாதீர்கள்.