தணிக்கை ஆட்சேபணைக்கு நிறுவனம் எழுதும் பதிலையும் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் மத்திய அரசின் மானியப் பணத்தைக் கையாளும் விதம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். தணிக்கையில் குறை காணப்பட்டது என்று தொடங்கும் அச்செய்தி, பணம் சுருட்டப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் பதித்துவிட்டு முடிந்துவிடுகிறது. நியூ ஜெர்சியில் பல ஆண்டுகளாகத் தொண்டு நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் பணியாற்றி வருபவள் என்ற முறையில், குறை காணப்படுவதற்கும் குற்றம் நிரூபிக்கப்படுவதற்கும் இடையில் நடக்கும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். இங்குள்ள தமிழர்களில் பலர் இத்தகைய நிறுவனங்களின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராகவோ பொருளாளராகவோ ஊதியமின்றிப் பொறுப்பு வகிக்கிறார்கள் என்பதால், இது அவர்களுக்கும் நேரடியாகப் பயன்படும்.

ஒவ்வொரு அரசுத் துறையும் தனித்தனியாகத் தணிக்கையாளரை அனுப்புவதைத் தவிர்த்து, மானியம் பெறும் அமைப்பு முழுவதற்கும் ஒரே தணிக்கை போதும் என்று ஏற்பாடு செய்ததுதான் 1984ஆம் ஆண்டின் சிங்கிள் ஆடிட் சட்டம். முதலில் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்காக இயற்றப்பட்ட இச்சட்டம், 1996இல் திருத்தப்பட்டபோது தொண்டு நிறுவனங்களையும் உள்ளடக்கியது. அப்போது ஓர் ஆண்டில் 3 லட்சம் டாலர் மத்திய மானியத்தைச் செலவிட்டாலே இத்தணிக்கை கட்டாயமாயிற்று. அந்த வரம்பு பின்னர் 5 லட்சமாகவும் 7.5 லட்சமாகவும் உயர்ந்து, 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 10 லட்சம் டாலராக ஆகியிருக்கிறது. வரவு செலவு சரியா என்பதோடு, மானியத்தின் நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்பட்டனவா என்பதையும் தணிக்கையாளர் பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமானது. தணிக்கையாளர் குறை கண்டு அறிக்கையில் எழுதும் ஆட்சேபணைகளில் கணிசமானவை இந்த இரண்டாவது பகுதியில்தான் எழுகின்றன.

அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முதியோருக்கு வீடு தேடிச் சென்று மதிய உணவு வழங்கும் ஒரு நிறுவனத்தில், ஒருங்கிணைப்பாளரான ஒரு பெண்மணியின் சம்பளம் இரண்டு மானியங்களிலிருந்து வழங்கப்பட்டது: 60 சதவீதம் உணவுத் திட்டத்திலிருந்து, மீதி 40 சதவீதம் முதியோருக்கான போக்குவரத்துத் திட்டத்திலிருந்து. அவருடைய நேரப் பதிவேட்டில் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு வாரமும் அதே 24 மணி நேரம், அதே 16 மணி நேரம். தணிக்கையாளர் அந்தப் பதிவேட்டின் அருகில் நிறுவனத்தின் வேனுக்குரிய பயணப் பதிவேட்டைத் திறந்துவைத்தார். பனிப்பொழிவால் வேன் வாசலை விட்டே நகராத வாரத்திலும் போக்குவரத்துத் திட்டத்தின் பெயரில் 16 மணி நேரம் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெண்மணி ஒரு காசுகூட எடுக்கவில்லை. சொல்லப்போனால் அந்த வாரத்தில் முதியோர் வீடுகளுக்கு ஓயாமல் தொலைபேசியில் பேசி, அக்கம்பக்கத்தாரைக் கொண்டு உணவு போய்ச் சேர வழி செய்தவர் அவர்தான். ஆனால் சம்பளத்தை உண்மையில் நடந்த வேலையின் அடிப்படையில்தான் மானியத்தில் எழுத வேண்டும், பட்ஜெட்டில் மதிப்பிட்ட விகிதத்தை இடைக்காலத்துக்குப் பயன்படுத்தினாலும் பின்னர் அதை உண்மைக்கு ஏற்பச் சரிசெய்தாக வேண்டும் என்பது விதி. போக்குவரத்துக்காகத் தந்த பணம் எதற்குப் போயிற்று என்று அரசு கேட்டால், காட்டுவதற்கு நம்பத்தக்க தாள் ஒன்றும் அங்கே இல்லை. இவ்வாறு கேள்விக்குள்ளாகும் செலவு, தணிக்கைக்கு எடுத்துக்கொண்ட ஒரு பெரிய திட்டத்தில் 25,000 டாலரைத் தாண்டினால், அது அறிக்கையில் கட்டாயம் இடம்பெறும்.

அதற்கு நிறுவனம் பதில் எழுதியாக வேண்டும். என்ன திருத்தம் செய்யப்படும், அதற்குப் பொறுப்பானவர் யார், எந்தத் தேதிக்குள் முடியும் என்பவற்றைத் தணிக்கையாளரின் அறிக்கையோடு கலக்காமல் தனி ஆவணமாகத் தர வேண்டும். நான் படித்த பதில்களில் மிக அதிகமாகக் கண்ட வாசகம், ‘ஊழியர்களுக்குத் தக்க பயிற்சி அளிக்கப்படும், இனி இவ்வாறு நேராது’ என்பது. இதை நான் பதிலாகவே ஏற்க மாட்டேன். யாருக்குப் பயிற்சி, யார் அளிப்பது, அளித்த பிறகும் அதே தவறு நடந்தால் அது யார் கண்ணில் படும் என்ற எதுவும் அதில் இல்லை. மேலே சொன்ன உணவு நிறுவனம் எழுதிய பதில் வேறு விதமானது. ஊழியர்கள் அன்றன்றைய வேலையை அன்றன்றே பதிவிட வேண்டும். மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே சம்பளப் பட்டியல் தயாராகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்காளர் பட்ஜெட் விகிதத்தையும் உண்மையான நேரத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குச் சரிக்கட்டும் பதிவு போட்டு, அந்தத் தாளைப் பொருளாளரிடம் காட்ட வேண்டும் என்று பதவியும் தேதியும் குறிப்பிட்டு எழுதினார்கள். எழுதியபடி நடந்தும் கொண்டார்கள். முந்தைய ஆண்டின் ஆட்சேபணைகள் என்ன ஆயின என்று அடுத்த ஆண்டு அறிக்கையில் நிறுவனம் தனியே ஒரு பட்டியல் தர வேண்டும் என்பதும், அந்தப் பட்டியல் உண்மைக்கு மாறாக இருந்தால் அதையே புதிய ஆட்சேபணையாகத் தணிக்கையாளர் எழுத வேண்டும் என்பதும் பலர் அறியாதவை. எனவே வெறும் வாக்குறுதி ஓராண்டுக்கு மேல் தாங்காது.

இதற்கிடையில், மானியம் தந்த துறையோ, அதன் பணத்தைக் கைமாற்றித் தந்த மாநில அமைப்போ, அறிக்கை ஏற்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தரச் சொன்னால், அதை இன்னொரு மத்திய மானியத்திலிருந்து எடுத்துக் கட்ட முடியாது. நன்கொடையாகச் சேர்த்த சொந்தப் பணத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். சிறிய நிறுவனத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆட்சேபணை தவறு என்று நிறுவனம் கருதினால் காரணத்தோடு மறுக்கவும் விதியில் இடமுண்டு. ஆனால் மறுக்கிற நிறுவனம், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எந்த ரசீது என்று காட்டி மறுக்க வேண்டும். எங்கள் சேவையைப் பாராமல் காகிதத்தைப் பார்க்கிறார்கள் என்று நிர்வாகக் குழுவினர் வருந்துவதை நான் புரிந்துகொள்கிறேன், எனினும் அந்த வருத்தத்தை அப்படியே எழுதி அனுப்பினால் அது பதிலாகாது.

இப்படிப்பட்ட குறைகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கு என் அனுபவத்தில் கண்ட முதன்மையான காரணம் நேர்மைக் குறைவு அல்ல, கணக்குப் பிரிவில் ஆள் இல்லாமைதான். காசோலை எழுதுபவர், அதைப் பேரேட்டில் ஏற்றுபவர், மாத முடிவில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாக இருக்கும் அலுவலகங்கள் ஏராளம். இரண்டே பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதையே நன்கொடையாளர்கள் பெருமையாகப் பார்க்கிறார்கள். அரசும் நெடுங்காலம் கையை இறுக்கியே வைத்திருந்தது. அரசோடு தனியே பேசி முடித்த பொதுச் செலவு விகிதம் எதுவும் இல்லாத நிறுவனங்கள் வாடகை, கணக்காளர் சம்பளம் போன்ற பொதுச் செலவுகளுக்காக, சில இனங்களைக் கழித்த நேரடிச் செலவில் 10 சதவீதம் மட்டுமே எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது, 2024 அக்டோபரில்தான் 15 சதவீதமாக உயர்ந்தது. அந்தக் கூடுதல் 5 சதவீதத்தை வேறு எதிலும் கரைக்காமல், பகுதி நேரமாகவேனும் ஒரு கணக்காளரை அமர்த்துவதற்கு ஒதுக்குங்கள் என்று பொருளாளர்களாக இருக்கும் தமிழ் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கும் வழியில்லாத இடத்தில், வங்கி அறிக்கை ஊழியர் கைக்குப் போகும் முன் நேராகப் பொருளாளருக்கு வரும்படி செய்து, அவர் ஒவ்வொரு காசோலையின் நகலையும் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கத்தையாவது ஏற்படுத்தலாம்.

பல மானியங்கள் முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு பில் அனுப்பிப் பெறும் வகையைச் சேர்ந்தவை என்பதும் இந்தப் பணத் தட்டுப்பாட்டைக் கூட்டுகிறது. 2025 ஜனவரி இறுதியில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் மானியங்களை நிறுத்திவைக்கச் சொல்லி, நீதிமன்றம் தலையிட்டு, இரண்டே நாளில் அந்தச் சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டபோதுகூட, அடுத்த சம்பளத் தேதிக்குக் கையில் பணம் இருக்குமா என்று கணக்குப் பார்த்த நிறுவனங்கள் உண்டு.

உண்மையான மோசடியே நடப்பதில்லை என்று நான் வாதாடவில்லை. மினசோட்டாவில் ‘ஃபீடிங் அவர் ஃபியூச்சர்’ என்ற நிறுவனத்தை மையமாகக் கொண்டு, கொரோனா காலத்தில் ஏழைக் குழந்தைகளின் உணவுக்காக வந்த மத்திய அரசுப் பணத்தில் சுமார் 25 கோடி டாலர் சூறையாடப்பட்டதாக 2022 செப்டம்பரில் வழக்குத் தொடரப்பட்டது. அதன் நிறுவனர் 2025 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. பரிமாறப்படாத உணவுக்கு எண்ணிக்கை எழுதிப் பணம் வாங்கிய அந்தச் செயலை நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது. அதே சமயம், அம்மாநிலச் சட்டமன்றத் தணிக்கையாளர் 2024 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, பணத்தைப் பகிர்ந்தளித்த மாநிலக் கல்வித் துறையின் மேற்பார்வை போதாது என்று கண்டதையும், அந்த நிறுவனத்தின் மீது வந்த புகார்களை அந்த நிறுவனத்தையே விசாரிக்கச் சொன்னதைச் சுட்டிக்காட்டியதையும் மறந்துவிடலாகாது. எச்சரிக்கை வந்தது; வந்த எச்சரிக்கையை எடுத்து நடத்த வேண்டியவர்கள் முறையாக நடத்தவில்லை. நேரப் பதிவேட்டில் குறை கண்டுபிடிக்கப்பட்டு அதைத் திருத்திக்கொண்ட ஒரு நிறுவனத்தை இதோடு ஒரே வரிசையில் வைத்து எழுதுவது, தவறைத் திருத்துவோரையும் குறையை மறைப்போரையும் ஒரே தராசில் நிறுப்பதாகும்.

ஆகவே தங்கள் செய்திப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தணிக்கை அறிக்கைகள் ஃபெடரல் ஆடிட் கிளியரிங்ஹவுஸ் என்ற அரசு இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினால் கட்டணமின்றிக் கிடைக்கும். 2023 அக்டோபர் முதல் அதை அமெரிக்க அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம் நடத்தி வருகிறது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அல்லது தணிக்கையாளரிடமிருந்து அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் அறிக்கை அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, ஆட்சேபணையை மட்டும் எடுத்துப் போடாமல், அதே கோப்பில் நிறுவனம் எழுதியுள்ள திருத்தத் திட்டத்தையும் முந்தைய ஆண்டு ஆட்சேபணைகளின் நிலையையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் குறிப்பிட்ட நிறுவனத்தின் அடுத்த ஆண்டு அறிக்கை அங்கே பதிவானதும், அதே குறை மீண்டும் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்து, எந்த விடை கிடைத்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொண்டு நிறுவனக் கணக்குப் பணியில் உள்ள வாசகி,
நியூ ஜெர்சி