கிந்தா மலைகளில் அரை மணி நேர நடைபாதைகள் வேண்டும்

லெம்பா கிந்தா (கிந்தா பள்ளத்தாக்கு) ஜியோபார்க் என்னும் நிலவியல் பூங்காவைக் கவனித்துவரும் அதிகாரிகளுக்கும் மலேசியாவின் பேராக் மாநிலச் சுற்றுலாத் துறையினருக்கும் வணக்கம்.

பத்து காஜாவிலிருந்து எழுதுகிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் சூழ்ந்த ஊர் எங்களுடையது. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய ஜியோபார்க் ஆனபோது மனதார மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி தோட்டப்புற மக்களின் கால்களுக்கும் எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

மலையேற எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் குடும்பம் குடும்பமாய் நிற்பவர்கள் நாங்கள். ஆனால், 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே இருந்த கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதுதான் இந்தச் சுண்ணாம்பு மலைகள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் காட்டியதில்லை. கம்பாரில் ஒரு பழைய ஈயலம்பத்தில் (வெள்ளீயச் சுரங்கத்தில்) 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பெர்மியன் காலத்துக் கடல் நத்தைகள் ஏராளமாகக் கிடைத்தன; வெளிநாட்டு அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தம்புன் பக்கம் குகையிலிருந்து நீர்யானையின் எச்சமே கிடைத்திருக்கிறது. ஈப்போவில் நீர்யானை! எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இருக்கும் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். மழையும் காற்றும் அரித்து, வரிவரியாய் நிறம் மாறி நிற்கும் மண்குன்றுகள் அவை. அங்கே புதைபடிவங்களுக்கென்றே ஒரு நடைபாதை இருக்கிறது. சுற்றி வந்தால் சுமார் 400 மீட்டர்தான். மரப்பலகை போட்ட பாதை என்பதால் சக்கர நாற்காலியும் போகும். ஓரத்தில் அந்தக் காலத்து விலங்குகளின் மாதிரிகள். பிள்ளைகள் தொட்டே பார்க்கலாம். இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் போய்வர 1.2 கிலோமீட்டரில் ஒரு பாதை, அப்புறம் மர ஏணி ஏறிப் போகும் 2.4 கிலோமீட்டர் பாதை. அவரவர் முழங்காலுக்குத் தக்கபடி தேர்ந்துகொள்ளலாம்.

2010-இல் அந்தப் பூங்காவில், பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மண்ணில் தலைநீட்டிய எலும்பைக் கண்டாள். கையில் எடுக்காமல் அங்குள்ள அதிகாரிகளிடம் போய்ச் சொன்னாள். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, வாள்போல் பல் நீண்ட, பூனை போன்ற ஒரு விலங்கின் மண்டையோடு அது. கண்டதை அப்படியே விட்டுவிட்டு, படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் அங்கே வழக்கம். இந்தப் பழக்கம் இங்கேயும் தமிழ்ப்பள்ளியிலிருந்தே தொடங்கட்டும்.

நமக்கு அவசரம் அவர்களைவிட அதிகம். ஆண்டுக்கு ஓர் அங்குலம் போல மண் கரையும் அந்த நிலத்தில் புதிது புதிதாக எலும்புகள் வெளிப்படும். இங்கேயோ, வெள்ளீயத்தைக் கொண்டுவந்த அதே கருங்கல்லின் சூடு சுண்ணாம்புப் பாறையைப் பெரும்பாலும் பளிங்காக்கிவிட்டது. பழைய ஓடுகளின் தடமும் அதோடு அழிந்தது. தப்பியவை சில இடங்களில்தான். அவற்றையும் கல்லுடைப்பில் இழந்தால் திரும்பக் கிடைக்காது.

தயவுசெய்து கோப்பேங் பக்கத்துக் குவா தெம்புருங் குகையிலிருந்து தொடங்குங்கள். அங்கே ஏற்கெனவே மக்கள் வருகிறார்கள், வசதியும் இருக்கிறது. வெளியே, மலையடியை ஒட்டிய சமதளத்தில் அரை மணி நேரப் பாதை ஒன்று போதும். கம்பார் நத்தைகளின் பெரிய மாதிரிகளை ஓரமாக வையுங்கள். மலாயோடு தமிழிலும் சீனத்திலும் பலகை வேண்டும். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் வாளியும் இருக்கட்டும்: ஓட்டின் தடம் தப்பிய பாறையை நனைத்தால்தான், காய்ந்திருந்தபோது வெறும் கீறலாய்க் கிடந்த வெள்ளைக்கோடு ஓட்டின் சுருளாகத் தெரியும். பலகையில் படிப்பதைவிட அதைப் பார்ப்பதே பிள்ளைக்கு மறக்காது.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 1973-இல் ஈப்போவின் குனோங் சீரோ மலையில் பாறை சரிந்து உயிர்கள் போனதை ஈப்போ மறக்கவில்லை. நிலவியலாளர் பார்த்து, பாறை விழாத தூரத்தைக் குறித்த பிறகே பாதை போடுங்கள்.

வழிகாட்டிகளாகக் கோப்பேங், பத்து காஜா, கம்பார் இளைஞர்களைப் பயிற்றுங்கள். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் நடந்து பார்த்து, எந்த இடத்தில் பெஞ்சு வேண்டும் என்று சொல்லட்டும். பாதை வரைபடம் தயாரானதும் எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு மாலை வந்து காட்டுங்கள், கேள்விகளோடு வருகிறோம்.

அன்புடன்,
பத்து காஜாவாசி ஒருவர்