நண்பருக்குக் கடிதம்: செல்லுக்குள் ஒரு காவலாளி

அன்புள்ள மாலதி,

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று சொல். இங்கே எல்லாரும் நலம். சின்னவன் ஒருவழியாகக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான்.

ஆர்.என்.ஏ. என்றால் தடுப்பூசிதானே, அதில் இவ்வளவு படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நாம் படித்த காலத்தில் அதை டி.என்.ஏ.விலிருந்து செய்தி கொண்டுபோகும் ஆளாக மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்த இழை தனக்குள் மடிந்து, குறிப்பிட்ட ஒரு மூலக்கூறை மட்டும் கவ்விக்கொள்ளவும் செய்யும். இப்படிப்பட்ட இழைக்கு ஆப்டமர் என்று பெயர். ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினைக் கவ்வும் ஆப்டமர் ஒன்றை 1994-இல் உருவாக்கினார்கள். தியோஃபிலினுக்கும் நம் காப்பியில் இருக்கும் காஃபினுக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் அணுக்கள்) வித்தியாசம். அதற்கே காஃபின்மேல் அந்த ஆப்டமரின் பிடி 10,000 மடங்கு குறைந்துவிடுகிறது!

என்னை உலுக்கியது 2010-இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டினா ஸ்மோல்க் குழு செய்த வேலை. 'பெருகு' என்ற சமிக்ஞை வரும்போது செல்லின் உட்கருவில் பீட்டா-கேட்டினின் என்ற புரதம் சேரும். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் இந்தச் சமிக்ஞை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் ஒரு மரபணுவின் நடுவே 'நிறுத்து' என்ற குறியீடுள்ள துண்டைச் செருகி, அதன் பக்கத்திலேயே பீட்டா-கேட்டினினைக் கவ்வும் ஆப்டமரை வைத்தார்கள். புரதம் வந்து ஒட்டினால், அந்த மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வைச் செல் வெட்டி ஒட்டும்போது அந்தத் துண்டு விடுபட்டுப் போகும். மரபணு வேலை செய்யும். அந்த மரபணு ஹெர்ப்ஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதியை உண்டாக்குவது. கான்சிக்ளோவிர் என்ற மருந்தைச் செல்லுக்குள் நஞ்சாக மாற்றுவது அந்த நொதிதான். ஆக, சமிக்ஞை ஓடும் செல் மருந்துக்குப் பலியாகும், மற்றது பெருமளவு தப்பிக்கும்.

கீமோதெரபி எடுத்தவர்கள் படும் பாட்டை நாம் இருவருமே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அதனால்தான் செல்லின் நிலையை உள்ளிருந்தே படித்து முடிவெடுக்கும் இந்த வழி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. இது ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்களில் செய்தது, மருத்துவமனை இன்னும் வெகு தூரம். சமிக்ஞை இல்லாதபோதும் மரபணு கொஞ்சம் கசிந்து வேலை செய்வதுதான் பெரிய தலைவலி என்று நினைக்கிறேன். தவிர, எல்லாப் புற்றுச் செல்லுக்குள்ளும் இதைக் கொண்டுசேர்ப்பது எப்படி?

அப்புறம், உன் மகள் பயோடெக் படிக்கிறாளே, இந்தக் கசிவைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
கீதா