படத்தின் பின்புறமும் ஆவணமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். இத்தாலியக் கலை ஆராய்ச்சி நூலகங்கள் மின்வடிவம் பெறுவது குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால், இணையத்தில் ஏற்றிய பின் மூலப் புகைப்படப் பிரதிகளுக்குப் பெரிய பயனில்லை என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. புளோரன்சில் 1897-இல் நிறுவப்பட்ட ஜெர்மானியக் கலை வரலாற்று நிறுவனமும், ஹென்ரியேட் ஹெர்ட்ஸ் அம்மையாரின் கொடையால் 1913-இல் ரோமில் உருவான ஹெர்ட்சியானா நூலகமும் நூல்களோடு புகைப்படங்களையும் பேணி வளர்த்தவை. இத்தாலிய நகரமான பதுவாவின் ஒவேத்தாரி சிற்றாலயத்தில் ஓவியர் மான்டேஞ்ஞா தீட்டிய சுவரோவியங்களில் பெரும்பாலானவை 1944-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் நொறுங்கிய பிறகு, அவற்றின் முழு வடிவை அறியப் பழைய புகைப்படங்களே துணை நின்றன என்பதை எண்ணினால், இச்சேகரிப்பின் அருமை விளங்கும்.

ஆய்வு மாணவனாக அத்தகைய நூலகம் ஒன்றில் அமர்ந்திருந்தபோது, பலிபீட ஓவியம் ஒன்றின் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓவியரின் பெயரை வெவ்வேறு கையெழுத்துகளில் அறிஞர்கள் மும்முறை பென்சிலால் திருத்தியிருந்தனர். இணையப் பதிவிலோ முன்புறம் மட்டுமே இருந்தது. மூலப் பிரதிகளைக் காக்க வேண்டும் என 2009-இல் வெளியான புளோரன்ஸ் பிரகடனத்தை ஏற்று, இரு பக்கங்களையும் பதிவு செய்வதையும் மூலத்தைக் கழிக்காதிருப்பதையும் இந்நூலகங்கள் அனைத்தும் விதியாக்க வேண்டும்.